பதினேழு குறைகள் உள்ள ஆடு

பண்ணைக்காரர் முர்டோவின் கொட்டகையில் காலை ஒன்பதரைக்கு ஆட்டு ரோமம் வெட்டும் மோட்டார்கள் நின்றால் ஒரு நிமிஷம் யாருக்கும் காது கேட்காது. அப்புறம்தான் தகரக் கூரையில் மழை விழுவதும், பட்டிக்குள் ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதும் கேட்க ஆரம்பிக்கும். கோடை வரப்போகிறது என்று காலண்டர்தான் சொன்னது. தென்துருவக் குளிரைச் சுமந்து நீரிணைப் பக்கமிருந்து வந்த தெற்குக்காற்று பலகை இடுக்கில் புகுந்து கணுக்காலைக் கடித்தது. ரேவின் கடைசி ஆட்டின் ரோமத்தை இரண்டு கையாலும் அள்ளி மேசைமேல் வீசினாள். அது ஒரு முனைகூட மடங்காமல் விரிந்து படிந்தது. முப்பது வருஷமாக வீசுகிறாள். ஐம்பத்திரண்டு வயதில் தோள்பட்டைதான் கொஞ்சம் முனகுகிறது.

"வாடி ரே, ஸ்மோக்கோ முடிஞ்சிரும். டீ ஆறுது," என்றாள் கோரலி.

ஸ்மோக்கோ என்கிற டீ இடைவேளையில் ரோமப் பொதிகள்தான் நாற்காலி. நாலு பேர் ரோமம் வெட்டுகிறவர்கள்: கூட்டத்துக்குத் தலைவர் ராவிரி, அப்புறம் கோரலி, அப்புறம் வாயைத் திறந்தால் வரி விழும் என்று நினைக்கிற டிண்டால் சகோதரர்கள் இருவர். பொதி கட்டுகிறவன் ஹென்னிங், ஜெர்மனியிலிருந்து வந்து நாலு மாதம் ஆகிறது. ரொட்டித் துண்டில் சீஸும் வெங்காய சூப் பொடியும் குழைத்துத் தடவிச் சுருட்டிச் சுட்ட சீஸ் ரோலை ரேவின் ஐஸ் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். ராவிரி இரண்டை ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, மாப்ள பணம் எவ்வளவு சேந்திருக்கு?"

அந்தக் கேள்விக்குத்தான் மூன்று வாரமாக ரேவின் பிடிகொடுக்காமல் இருந்தாள். அவள் புருஷன் டூகல்ட் செய்கிற தொழிலை அந்தக் கொட்டகையில் யாருக்கும் முழுசாகப் புரியாது. ஆர்மிலா என்று ஒரு மென்பொருள், பொம்மை உருவங்களை நடமாடவைத்துப் படம் எடுப்பதற்கு. பெரிய ஸ்டுடியோக்கள் அதைக் கைகழுவிப் பத்து வருஷமாகிறது. ஆனாலும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உலகம் முழுக்கத் தேடினால் ஆயிரம் பேர் தேறுவார்கள். எஸ்டோனியாவில் குழந்தைகளுக்கு முயல் கதை எடுக்கும் ஒரு பெண்மணி, ஒசாகாவில் பிஸ்கட் விளம்பரத்துக்கு நாய்க்குட்டி செய்யும் மூன்று பேர், சிலியில் அருங்காட்சியகத்துக்காக அழிந்துபோன மிருகங்களை எழுப்பி உலவவிடும் ஒரு மனிதர். இவர்களுடைய மிருகங்களுக்கெல்லாம் மயிர் முளைப்பது ரிவர்ட்டன் ஊரில், டூகல்ட் வீட்டில் முன்னே வாஷிங்மெஷின் இருந்த அறையில். ஆர்மிலாவோடு செருகிக்கொள்ளும் ஒரு ப்ளகினை டூகல்ட் தனியாளாக எழுதி விற்றுவந்தான். ஓராண்டு ஆட்டுக்கு இங்கே என்ன பெயரோ அதையே அதற்கும் வைத்தான்: ஹாகெட்.

இந்த வருஷம் ஆர்மிலாவின் புதுப் பதிப்பு வந்தது. உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். ஹாகெட் அதில் எழுந்து நிற்கவே இல்லை. அடியிலிருந்து திரும்ப எழுத வேண்டும், பன்னிரண்டு மாத வேலை. அதற்குத்தான் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, முன்பணமாக ஹாகெட்டை வாங்கிக்கொள்ளும்படி கேட்டிருந்தான். நாற்பத்தெட்டாயிரம் டாலர் சேர வேண்டும். அடுத்த வெள்ளி மதியம் பன்னிரண்டுக்குள் சேராவிட்டால் வந்ததும் திரும்பிப் போய்விடும், ஒரு காசு கைக்கு வராது. அன்று சாயங்காலத்துக்குள், வேலைக்குக் கூப்பிட்டிருக்கும் பால்பவுடர் ஆலைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், நல்ல சம்பளம். போனால் ஹாகெட் அத்தோடு சரி. ரேவினுக்கு ஆலை மேல் கோபமில்லை. ஆனால் நிரல் ஓடும்போது டூகல்ட் மூக்கால் ஒரு பாட்டு முனகுவான், அந்த முனகல் வீட்டில் நின்று மூன்று வாரமாகிறது. அது இல்லாத வீட்டில் கெட்டில் கொதிக்கும் சத்தம்கூட அவளுக்குப் பெரிதாகக் கேட்டது.

"ஆறாயிரத்துச் சொச்சம்," என்றாள்.

கோரலி போனை எடுத்தாள். "காலைல வீட்லயே அந்தப் பக்கத்த இறக்கி வெச்சேன். இங்கதான் சிக்னல் எழவு கிடையாதே. படிக்கட்டா? நீ படிச்சிருக்கியாடி?"

"அவன் காட்டல. நானும் கேக்கல."

கோரலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்: "'வணக்கம். ஹாகெட்டைத் திரும்ப எழுதலாம் என்று இருக்கிறேன். பணம் தரும் முன் அதன் குறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, மயிர் நாற்பது லட்சத்தைத் தாண்டினால் திணறும். இரண்டு, குட்டி மிருகங்களின் காதுக்குள் முடி சரியாக உட்காராது. மூன்று...' இப்படியே போவுது. பதினேழு! கடைசில, 'மற்றபடி அவ்வளவு மோசமில்லை. வேண்டியவர்கள் வாங்கலாம். வேண்டாமென்றாலும் பரவாயில்லை.'"

ராவிரி தொடையில் தட்டினார். "யோக்கியன்யா என் மாப்ள! நாய் விக்கிற மாதிரியே எழுதியிருக்கான் பாரு. முர்டோவுக்கு நான் நாய் வித்தப்ப என்ன சொன்னேன்? ஒரு காது கேக்காது, கோழியத் தொரத்தும், லாரில ஏத்துனா வாந்தியெடுக்கும். மனுஷன் பேரமே பேசல, எண்ணி வெச்சிட்டான். அத்தன கொறையையும் விக்கிறவனே சொல்றான்னா உள்ள இருக்கிறது தங்கம்னுதான அர்த்தம்?"

டிண்டால் சகோதரர்கள் இருவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். "நான்னா உடனே வாங்கிருவேன்," என்றாள் கோரலி.

"நான் வாங்க மாட்டேன்," என்றான் ஹென்னிங்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "கோவிச்சுக்காதீங்க. எங்க ஊர்ல ஒருத்தர் பதினேழு கொறையை எழுதினா, அது உடைஞ்ச சாமான், கிட்ட வராதேன்னு அர்த்தம். கடைசில 'அவ்வளவு மோசமில்லை'ன்னு எழுதினா, பாவம், அவருக்கே நம்பிக்கை இல்லன்னு நெனப்போம். இதப் படிச்சவங்க பூராப் பேரும் எங்க ஊர் மாதிரி ஊர்க்காரங்கதான?"

ராவிரி வாயிலிருந்த ரோலை மென்று விழுங்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

ரேவினுக்குக் கோபம் வந்தது. முதலில் டூகல்ட் மேல், அப்புறம் தன் மேல். உள்ளூரில் அடக்கமாக நடந்து நல்ல பெயர் எடுத்த மனுஷன், அதே அடக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஊர் உலகத்தின் முன்னால் தன் கடைக்குத் தானே பூட்டுப் போட்டிருக்கிறான்.

அன்று மாலை ஆட்டுக்கறி வறுவலும், மசித்த டர்னிப் கிழங்கும் வைத்தாள். ஜன்னலில் ஆலங்கட்டி சடசடத்தது.

"டூகல்ட், அந்தப் பக்கத்தக் கேட்டேன். கோரலி படிச்சா."

"ஓ."

"பதினேழு கொறை எழுதியிருக்கே."

"இருபத்திமூணு இருந்துச்சு. ஆறு சின்னது, எடுத்துட்டேன்." அவன் கிழங்கில் வெண்ணெயைக் குழியாக்கிக்கொண்டிருந்தான். "எல்லாம் நெஜம், ரே. ஒண்ணுகூடப் பொய்யில்ல."

"நெஜந்தான். நல்லது எங்கே?"

"கடைசி வரில இருக்கே."

"'அவ்வளவு மோசமில்லை'ங்கிறதா?"

"பின்னே? அதப் போடலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். கொஞ்சம் ஓவராப் பீத்திக்கிற மாதிரி இருந்துச்சு."

ரேவின் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். சிரிப்பதா, தட்டை எடுத்து மண்டையில் போடுவதா என்று தெரியவில்லை. அவன் விளையாடவில்லை. கல்யாணத்தன்று அவளைப் பார்த்து அவன் சொன்னதும் அதே வார்த்தைதான், அவளும் அதை முப்பது வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறாள். ஹென்னிங் சொன்னதை அப்படியே சொன்னாள். டூகல்ட்டின் முகம் மெதுவாகச் சிவந்தது. காதுவரை ஏறியது.

"உடைஞ்ச சாமான்னா நெனச்சாங்க?"

"ஆமா."

"மாத்தவும் முடியாது. ஒரு தடவ போட்டா பூட்டிருவாங்க. கீழ ஏதாச்சும் சேத்து ஒட்டலாம், அவ்வளவுதான்." அவன் தட்டைத் தள்ளினான். "அப்ப ஆலைக்கே சொல்லிடறேன். போய் நின்னுக்கிட்டு, உலகத்துலயே ஒசத்தி என்னோடதுதான்னு என்னால பேச முடியாது. சாவேன்."

"உன்ன யாரு பேசச் சொன்னா? தீயணைப்புப் படைக்குப் பம்பு வாங்க நான் சீஸ் ரோல் விக்கிறேனே, வாயத் தொறக்கிறேனா? ஒண்ணச் சுடச்சுட கையில குடுப்பேன். தின்னுட்டு அவனே எத்தன டஜன்னு எழுதிட்டுப் போவான். நீ யாருக்காச்சும் சுட்டுக் குடுத்தியா?"

"படம் போட்டிருக்கேன். நாலு."

"அது ஆறிப்போன ரோலு."

டூகல்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கறியை எடுத்துக் கடித்தான்.

"சனிக்கிழம கொட்டகைக்குக் கொண்டா," என்றாள் ரேவின். "ஆட்டு மயிரு பத்தி உலகத்துல யாருக்குத் தெரியும்னா, அந்த நாலு பேருக்குத் தெரியும். அவங்க முன்னாடி போடு."

"ராவிரி மச்சான் கிழிச்சித் தொங்கவிடுவார்."

"கிழிக்கட்டும். பதினெட்டாவது கொறைன்னு சேத்துக்க."

சனிக்கிழமை வானமே வழிவிட்டது. முந்தைய நாள் சாயங்காலம் ஆடுகளை உள்ளே அடைக்க முர்டோ சோம்பல்பட்டதில், முந்நூறு ஆடும் வெளியே நின்று நனைந்துவிட்டன. காலையில் வெயில் தலைகாட்டியதும் அவற்றைக் கொட்டகைக்குள் ஏற்றிக்கொண்டே, "காஞ்சிருச்சு, எலும்பு வரைக்கும் காஞ்சிருச்சு," என்று கத்தினார். முர்டோவைப் பொறுத்தவரை அவர் ஆடு ஆற்றில் விழுந்து எழுந்தாலும் காய்ந்த ஆடுதான். ஆனால் அதைத் தீர்மானிப்பது அவர் இல்லை. ஈர ரோமத்தை வெட்டினால் வெட்டுகிறவனுக்கு மூட்டு பிடிக்கும், உடம்பெல்லாம் கட்டி வரும். பொதிக்குள் போனால் புழுங்கி நாறும். அதனால் ஆளுக்கு இரண்டு ஆடு வெட்டிப் பார்த்துவிட்டு, துண்டுச்சீட்டில் ஈரமா உலர்ந்ததா என்று எழுதித் தொப்பியில் போடுவார்கள். யார் எதை எழுதினார்கள் என்று கேட்கக் கூடாது. சீட்டை எண்ணுவது ரேவின். அன்றைக்கு நாலும் ஈரம். முர்டோ தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார், பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, சும்மாதான இருக்கோம். கூப்பிடு மாப்ளய," என்றார் ராவிரி.

டூகல்ட் புரொஜெக்டரை மீன் வைக்கிற ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான், தூசி படக் கூடாதாம். வெள்ளை ரோமச் சாக்கு ஒன்றை ஹென்னிங் உத்தரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டான். ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். ஹென்னிங் ஓரமாக நின்று போனில் படம் பிடிக்கத் தொடங்கினான். டூகல்ட் தொண்டையைச் செருமினான்.

"இதுல நெறையக் கொறை இருக்கு..."

"டூகல்ட்," என்றாள் ரேவின். "போடு."

சாக்குத் துணியில் ஒரு ஆடு வந்தது. இதே கொட்டகைத் தரை, இதே பலகை. யாரோ ஒருவன் அதை மடியில் சாய்த்து, அடிவயிற்றிலிருந்து வெட்டத் தொடங்கினான். ரோமம் பிளந்து, உள்பக்கத்து வெண்மை திறந்து, மடிந்து மடிந்து பலகையில் இறங்கியது. நீளமான இழுப்பு இடுப்பிலிருந்து கழுத்துவரை போனது. ராவிரி எழுந்து துணிக்கு அருகே போனார்.

"யாருய்யா இவன்? எடது கால எங்க வெச்சிருக்கான் பாரு. இப்படி வெட்டுனா நாப்பது வயசுலயே இடுப்பு போயிரும்."

"அது நீங்கதான் மச்சான்," என்றான் டூகல்ட். "போன வருஷம் கேமரா வெச்சு உங்களப் பாத்துச் செஞ்சது."

கொட்டகையே குலுங்கியது. டிண்டால் சகோதரர்களில் பெரியவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் ரேவின் முதல்முறை கேட்டாள். ராவிரி தன் இடது காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கும்போது கோரலி கண்ணைச் சுருக்கினாள். "நிறுத்து, நிறுத்து. மறுபடி போடு. அந்தக் கழுத்துப் பக்கம்."

டூகல்ட் திரும்ப ஓட்டினான்.

"அந்த ஆடு ஈரம்," என்றாள் கோரலி.

"எங்கடி ஈரம்? ஒரு சொட்டுகூடக் காணோம்," என்றார் ராவிரி. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"மேல இல்ல. வெட்டின மயிரு எப்படி விழுதுன்னு பாருங்க. காஞ்சதுன்னா ஒரு நொடி மெதக்கும். இது தொங்குது."

"காஞ்சிருக்கு!" என்று பின்னாலிருந்து முர்டோ கத்தினார். "நல்லாக் காஞ்சிருக்கு!"

"யோவ் முர்டோ, அது உன் ஆடு இல்லய்யா."

"எவன் ஆடா இருந்தா என்ன? காஞ்சிருக்கு!"

"சண்ட வேணாம்," என்றார் ராவிரி. அவர் குரலில் விளையாட்டு போயிருந்தது. "மொறப்படி போவோம். ஓட்டு."

கணக்குப் புத்தகத்திலிருந்து நாலு சீட்டு கிழித்தார்கள். ஒவ்வொருவரும் துணிக்கு அருகே போய், நின்று பார்த்து, திரும்பி நின்று எழுதினார்கள். சின்ன டிண்டால் மூன்று முறை ஓட்டிக் காட்டச் சொன்னார். ரோமத்தைத் தொட்டுப் பார்ப்பதற்காகக் கையை நீட்டியவர், சாக்குத் துணி விரலில் பட்டதும் வெட்கப்பட்டுப் பின்வாங்கினார். டூகல்ட் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரேவின் தொப்பியைக் கவிழ்த்தாள். "ஈரம். ஈரம். ஈரம்." நாலாவது சீட்டு ராவிரியின் கோணல் கையெழுத்தில் இருந்தது, மறைக்கவே முடியாது. அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். "'ஈரம். ஆனால் வால்பக்கம் ஒரு புழுக்கைகூட ஒட்டவில்லை. இப்படி ஒரு சுத்தமான பின்பக்கம் உலகத்தில் கிடையாது. பொய்.'"

சிரிப்பு கூரையில் முட்டியது. ராவிரி டூகல்ட்டின் முன்னால் போய் நின்றார். "இப்ப நீ சொல்லு மாப்ள. ஈரமா, இல்லையா?"

டூகல்ட் எழுந்தான். "மேல காஞ்சிருக்கு. அடில, தோல ஒட்டி ஒரு விரக்கடைக்கு மட்டும் ஈரம் வெச்சிருக்கேன். முந்தாநாள் பேஞ்ச மழ மாதிரி." ஐஸ் பெட்டி மூடியைச் சரிசெய்தான். "அது ஒம்பது வருஷமா உள்ள இருக்கு. யாரும் கண்டுபிடிச்சதில்ல. யாரும் கேட்டதும் இல்ல."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது, ஈர மயிரு தொங்கும்னு?"

"ரே சொன்னா."

ரேவினுக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாள், வேலை நின்று சீக்கிரம் வீடு திரும்பினாள். தொடாமலே ஈரம் எப்படித் தெரியும் என்று அவன் கேட்டான். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறான் என்று நினைத்து, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஒரு மணி நேரம் சொன்னாள். அவள் கை அத்தனை வருஷமாக அறிந்திருந்ததை அவன் ஒரு வரி விடாமல் வாங்கி, எஸ்டோனியா முயலுக்கும் ஒசாகா நாய்க்குட்டிக்கும் உள்ளே வைத்திருக்கிறான். தொப்பியை ராவிரியிடம் கொடுக்கிற சாக்கில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஹென்னிங் எடுத்த படத்தை ஒரு துண்டுகூட வெட்டாமல், பேச்சுக்கு எழுத்து மட்டும் சேர்த்து, அந்தப் பக்கத்தின் அடியில் ஒட்டினார்கள். மேலே பதினேழு குறை அப்படியே இருந்தது. படத்துக்குத் தலைப்பாக ரேவின் இரண்டு வரி எழுதினாள்: "இவர்கள் ஆட்டு ரோமம் வெட்டுகிறவர்கள். ஈரமான ஆட்டுக்கு இவர்கள் வேலை செய்வதில்லை." டூகல்ட் அதைப் படித்துவிட்டு, கொஞ்சம் அதிகமாக இல்லையா என்று கேட்டான். அவள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. திங்கள் காலை எஸ்டோனியா முயல்காரி, பீரெட் என்று பெயர், எழுதியிருந்தாள். டூகல்ட் அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டினான்.

"'பதினேழு குறையைப் பார்த்ததும் நீங்கள் கடையை மூடப் போகிறீர்கள் என்று நினைத்து அழுதேன். ஒன்பதாவது குறை எனக்கு வந்ததே இல்லை. பன்னிரண்டாவது குறையை நான் ஒரு வசதி என்று நினைத்து ஏழு வருஷமாகப் பயன்படுத்துகிறேன், தயவுசெய்து அதைச் சரிசெய்துவிடாதீர்கள். என் முயல் பனியில் ஓடும்போது ஏன் அவ்வளவு குளிராகத் தெரிகிறது என்று இப்போது புரிந்தது. ஆறு பிரதி எடுத்துக்கொள்கிறேன். ஊரில் எல்லோருக்கும் சொல்கிறேன்.'"

சொன்னாள் போலிருக்கிறது. ஆர்மிலாக்காரர்கள் ஆயிரம் பேரும் ஒரே ஊரில் குடியிருப்பது மாதிரி செய்தி பரவியது. ஒசாகாக்காரர்கள் தங்கள் நாய்க்குட்டியின் படத்தைப் போட்டு, "ஈரமா, இல்லையா, ராவிரி ஐயா சொல்லட்டும்" என்று கேட்டார்கள். சிலிக்காரர் அழிந்துபோன ராட்சச மிருகத்தின் பின்பக்கத்தை அனுப்பி, இதுவாவது போதுமான அழுக்கா என்று கேட்டார். புதன்கிழமை முப்பத்தோராயிரம். வியாழன் சாயங்காலம் நாற்பதைத் தாண்டியது. டூகல்ட் சாப்பிடவில்லை, ரேவின் அவன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அவளுக்குப் பயம் வந்தால் பசிக்கும்.

வெள்ளிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. ஆடு காய்ந்திருந்தது. முர்டோ மீசையைத் தடவிக்கொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார். ஒன்பதரை ஸ்மோக்கோவில் ரேவின் நாய்க்கூண்டுகளுக்கு மேலே இருக்கும் மேட்டுக்கு ஓடினாள், அங்கேதான் சிக்னல். இறங்கி வந்து, "நாப்பத்தி நாலாயிரத்து முந்நூறு," என்றாள்.

"என் பேருக்கு ஒரு டஜன் எழுது," என்றார் ராவிரி.

"அண்ணே, இது சீஸ் ரோல் இல்ல. ஒண்ணு எரநூத்தி நாப்பது டாலர். உங்க வீட்ல கம்ப்யூட்டரே கிடையாதே?"

"தீயணைப்பு வண்டிக்கு வருஷா வருஷம் உன்கிட்ட நாலு டஜன் வாங்குறேன். என் வீடு என்னைக்காவது எரிஞ்சிருக்கா?"

"வேணாண்ணே." அவள் போனைப் பைக்குள் போட்டாள். "உங்க காசுல ஜெயிச்சா, அவன் அத உங்க தயவும்பான். வேணும்ங்கிறவங்க வாங்கி ஜெயிக்கட்டும். அப்புறம் நீங்க எத்தன வேணா வாங்குங்க."

ராவிரி தலையாட்டினார். மோட்டார்கள் எழும்பின. பத்திலிருந்து பன்னிரண்டு வரை ரேவின் எத்தனை ரோமம் வீசினாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஒன்றுகூட மடங்கி விழவில்லை என்று கோரலி பிறகு சொன்னாள். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் மேலே ஏற ஏற, ராவிரி வழக்கத்தைவிட வேகமாக வெட்டினார், ஏதோ அதனால் அங்கே ஏதாவது நடக்கும் என்பது மாதிரி.

பன்னிரண்டு. மோட்டார்கள் நின்றன. காது கேட்கும்வரைகூடக் காத்திராமல் ரேவின் ஓடினாள். பின்னால் கோரலியும் ஹென்னிங்கும். ராவிரி வரவில்லை. கத்தியைத் துடைக்கிற வேலை இருக்கிறதென்றார், ஆனால் கத்தி ஏற்கெனவே துடைத்திருந்தது.

மேட்டில் காற்று முடியைக் கலைத்தது. பக்கம் திறக்க ஒரு யுகம் எடுத்தது. திறந்ததும் ரேவின் எண்ணைப் பார்த்தாள், போனைக் கோரலியிடம் நீட்டினாள். "நீ பாரு. எனக்குக் கண்ணு சரியில்ல."

"அறுபத்தோராயிரம்," என்றாள் கோரலி. பிறகு கத்தினாள். "அறுபத்தோராயிரம்டி! மூடியாச்சு! ஜெயிச்சாச்சு!" ஹென்னிங் ஜெர்மன் மொழியில் ஏதோ அலறினான். முர்டோவின் ஒரு காது கேட்காத நாய்கூட எழுந்து குரைத்தது.

ரேவின் வீட்டுக்குப் பேசினாள். அந்தப் பக்கம் மூக்கால் ஒரு முனகல்தான் கேட்டது, சுருதி சேராத அதே பழைய பாட்டு. அதைக் கேட்டதும் அவள் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆலைக்குச் சொல்லிட்டியா?"

"பதினோரு மணிக்கே நாப்பத்தெட்டத் தாண்டிருச்சு, அப்பவே சொல்லிட்டேன். ரொம்ப வருத்தப்பட்டாங்க. அதனால என் கொறையெல்லாம் வரிசையா எடுத்துச் சொன்னேன். இப்ப நிம்மதியா இருக்காங்க."

"மொத வேலை என்ன செய்யப்போற?"

"அப்பவே வாங்கினவங்களையும் ஓட்டுப் போடச் சொன்னேன், எதுல ஆரம்பிக்கலாம்னு." அவன் மூச்சை இழுத்தான். "எரநூத்திப் பத்து பேரு, ரே. எல்லாரும் ஒண்ணத்தான் கேக்குறாங்க. வால்பக்கத்துப் புழுக்கை. ராவிரி மச்சான் திருப்தியாகிற வரைக்கும் வேற எதுவும் வேணாமாம்."

அவள் மேட்டிலிருந்து இறங்கும்போது மற்ற இருவரையும் வாயை மூடச் சொன்னாள். கொட்டகை வாசலில் ராவிரி நின்றுகொண்டிருந்தார், கையில் அதே கத்தி, அதே துணி. அவருக்குப் பின்னால் டிண்டால் சகோதரர்கள். அவர்களுக்குப் பின்னால், தனக்கென்ன என்பதுபோல் முர்டோ.

"என்னாச்சு தங்கச்சி?"

ரேவின் கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அவ்வளவு மோசமில்லண்ணே," என்றாள்.

ராவிரி கத்தியை வைத்துவிட்டு உள்ளே போனார். வரிசையாகத் தொங்கிய நாலு மோட்டார்க் கயிற்றையும் ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில், ஓர் ஆடுகூடப் பலகையில் இல்லாமல், நாலு மோட்டாரும் கொட்டகை அதிர ஓடின. "கரண்டு! என் கரண்டு!" என்று முர்டோ கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. சின்ன டிண்டால் கோரலியைத் தூக்கிச் சுற்றினார்.

அன்று வேலை முடிந்ததும் ரேவின் ஒரு காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு, மேசைக்கு அடியில் ஒதுக்கிய குவியல் முன்னால் உட்கார்ந்தாள். புழுக்கை காய்ந்து கல்லாக ஒட்டிய ரோமக் கற்றைகள். நல்லதாக, விதவிதமாகப் பார்த்துப் பொறுக்கினாள். ராவிரியும் குனிந்து, இது போன மாசத்துது, இது பச்சைப்புல் தின்னது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சாக்கு நிறைந்ததும் வாயைக் கட்டி, காரின் முன்சீட்டில் வைத்து, சாய்ந்துவிடாமல் இருக்க அதற்குப் பெல்ட்டும் போட்டாள்.